அன்னாசி லில்லி, நாற்பத்தொரு தொட்டி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. நீங்களும் அண்ணியும் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு இப்போது ஏழாம் நம்பர் பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு நிறுத்தம். இடுப்புதான் கொஞ்சம் முனகுகிறது. கண்ணாடிக் கடையில் என் வேலை எப்போதும்போல. லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது, 'மூக்குல அழுத்துது' என்று வருகிறவர்களிடம் மூக்கைக் குறை சொல்லாமல் பேசி அனுப்புவது.

மூன்று வருடமாக ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தோட்டக்கலை நிலையத்தில் முப்பது வருடம் இருப்பவரிடம் அரைகுறையாகச் சொல்லக் கூடாதே என்ற பயம்தான்.

வீட்டுக்குப் பின்னால் அன்னாசி லில்லி வளர்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு வகை இருக்கிறது. நெட்டை, என் நெஞ்சளவுக்கு வளரும், காற்றடித்தால் குடித்தவன்போலச் சாயும். வெள்ளைப் பூவில் ஊதாக் கரை போட்டது ஒன்று. பார்க்க மகாராணி, பக்கத்தில் போனால் செத்த எலி. ஈக்களுக்கு மட்டும் அதன்மேல் உயிர். மூன்றாவது, இலையெல்லாம் கருஞ்சிவப்பு. நான்காவது என் உள்ளங்கைக்குள் அடங்கும் குள்ளன், இலையில் புள்ளி. ஏழு வருடத்துக்கு முன் சிவப்பு இலைக்காரியின் பூவில் குள்ளனின் மகரந்தத்தைத் தடவினேன். லென்ஸில் தூசி தட்டும் சின்னத் தூரிகையால்தான். விதை பிடித்தது. பதினேழு முளைத்ததில் பதினாறு சோப்ளாங்கி. ஒன்று மட்டும் நான்கு வருடம் கழித்துப் பூத்தபோது அவரைச் சமையலறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

முழங்கால் உயரம், அண்ணா. முட்டுக் கம்பே வேண்டாம். காற்றுக்கு அசையாது. தண்டு வேகவைத்த பீட்ரூட்டைத் துணியில் துடைத்த நிறம். பூ இளஞ்சிவப்பு, ஓரம் பச்சை. தலையில் கொண்டைபோலப் பதினொரு இலை. வாசனை தேன். அதைப் பெருக்கி நாற்பத்துநான்கு தொட்டி ஆக்கிவிட்டேன். இந்த வருடம் ஒன்பது பூத்தன. ஒன்பதும் ஒரே அச்சு. அதனால்தான் இப்போது எழுதத் தைரியம் வந்தது.

ஒருமுறை வந்து பாருங்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
பாப்பா


ஆகஸ்ட் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணனின் ஆசி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் வலி, அது அவளோடு பிறந்தது. மாப்பிள்ளையை இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம். வீட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு பூவும் புது வகையாகத்தான் தெரியும். நிலையத்துக்கு மாதம் பத்துப் பேர் இப்படி எழுதுவார்கள். இருந்தாலும் நீ என் தங்கை. மூன்று கிழங்கு அனுப்பு. நன்றாகப் பூத்தவற்றிலிருந்து எடு. எந்தப் பூவில் எதைத் தடவினாய் என்று குறித்து வைத்திருப்பாயே, அந்த நோட்டையும் சேர்த்து அனுப்பு. ஆதாரமில்லாமல் இங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

அதுவரை வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அண்ணியின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இலை பழுக்கக் காத்திருந்தேன். நேற்று மூன்று கிழங்கைத் தோண்டி, நிழலில் ஆறவிட்டு, மரத்தூள் போட்ட பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். நோட்டும் அடியில் இருக்கிறது. அது ஒன்றுதான் என்னிடம் உள்ள பிரதி. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை ஒட்டும்போது அவர் கேட்டார்: "நோட்ட ஏன் குடுக்கிற? பூவப் பாத்தா போதாதா?"

"அண்ணன் கேட்டாரு."

"உங்கண்ணன் உன் கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த குடையையே மறுநாள் இரவல் கேட்டவரு."

அவருக்கு உங்களைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிச்சம் நாற்பத்தொரு தொட்டி இருக்கிறது. குளிர்காலத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். தூங்குகின்றன.

அன்புள்ள,
பாப்பா


நவம்பர் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உன் மூன்று கிழங்குகளையும் கண்ணாடிக் கூடத்தில் வெதுவெதுப்பில் வைத்து முளைக்கவிட்டோம். புது இலையில் மஞ்சள் கீற்று. மொசைக் நோய். இதற்கு மருந்து கிடையாது. ஒரு செடியில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும். அசுவினிப் பூச்சி அதை அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகும். நீ பார்த்த அந்த நிறமும் குட்டை வளர்த்தியும்கூட நோயின் வேலையாக இருக்கலாம். மனதைத் தேற்றிக்கொள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லாவற்றையும் எரித்துவிடு. நாற்பத்தொன்றையும். விதை எடுத்து வைத்திருந்தால் அதையும். பழைய நான்கு வகைகளையும்தான், அங்கிருந்துதானே வந்தது? உன்னை எனக்குத் தெரியும். பாசத்தில் ஒன்றை எங்காவது ஒளித்து வைப்பாய். வைக்காதே. அண்ணன் சொல்கிறேன்.

முடிந்ததும் ஒரு வரி எழுது.

அண்ணா


டிசம்பர் 5

அண்ணாவுக்கு,

இங்கே நலம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எரித்துவிட்டோம். அவர் டெப்போவிலிருந்து உடைந்த மரப்பெட்டிகளைக் கொண்டுவந்தார். கிழங்கு லேசில் எரியாது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. உள்ளே அவ்வளவு தண்ணீர். நெருப்பில் போட்டால் உஸ்ஸென்று சத்தம் போட்டுவிட்டுக் கருத்த தோலோடு அப்படியே கிடக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் கத்தியால் நான்காக நறுக்கிப் போட்டேன். கடையிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து வந்திருந்தேன். நறுக்கிய ஒவ்வொன்றையும் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது, அண்ணா. ஒரு புள்ளி இல்லை. என் கண்ணுக்குத் தெரியாதது உங்கள் கருவிக்குத் தெரிந்திருக்கும்.

இருபதாவது கிழங்கில் அவர் என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு மட்டும் வெச்சுக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?"

"அண்ணனுக்குத் தெரிஞ்ச மாதிரி நமக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுத் தோட்டமெல்லாம் பாழாப் போனா?"

"எரிக்கச் சொன்னவருக்கு வந்து ஒருதடவ பாக்கத் தோணலியே."

கத்தியை வாங்கி மிச்சத்தை அவரே நறுக்கினார். வதங்கிய வெங்காய வாசனை. பக்கத்து வீட்டில் "என்ன சமையல்?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

விதையும் போயிற்று. பழைய வகைகளும் போயின. ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நோட்டு முடிந்தால் அனுப்புங்கள்.

பாப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்ன ஒரு வரியைவிட அதிகமாகவே எழுதினேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணியாவது இரண்டு வரி எழுதட்டும். நோட்டை மறந்திருப்பீர்கள். அவசரமில்லை.

பாப்பா


மார்ச் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் கழுத்துவரை. நான் சொன்னபடி நீ செய்தது அறிந்து நிம்மதி. எத்தனை பேர் தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. நோட்டு நிலையத்தின் அலமாரியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இனி அது எதற்கு உனக்கு? ரோஜா வை. சுலபம்.

நிலையத்தின் காலண்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். படங்கள் நன்றாக இருக்கும்.

அண்ணா


நவம்பர் 16

அண்ணாவுக்கு,

நலம்தானா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நலம்தானா?

எட்டு மாதமாக நம் இருவருக்கும் எழுத ஒன்றுமில்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு ஓர் அம்மாள் வந்தார், படிக்கிற கண்ணாடி மாற்ற. ஓய்வுபெற்ற டீச்சர். நான் எழுத்து அட்டையை நீட்டினேன். "அது எனக்கு மனப்பாடம்டி, வேற ஏதாவது படிக்கிறேன்" என்று பையிலிருந்து செடிப் பட்டியல் ஒன்றை எடுத்து விரித்தார். சத்தமாகப் படித்தார்.

"அன்னாசி லில்லியில் புத்தம் புது வகை. முழங்கால் உயரம், முட்டுக் கம்பு வேண்டாம். தண்டு வேகவைத்த பீட்ரூட்டைத் துணியில் துடைத்த நிறம்..." சிரித்துவிட்டார். "பீட்ரூட்டாம்! எவனோ சமைக்கத் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்."

"இன்னொரு தடவ படிங்க."

"ஏன், தப்பாப் படிச்சேனா?"

"இல்ல. பவர் சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

மூன்று தடவை படிக்க வைத்தேன். கொண்டையில் பதினொரு இலை. தேன் வாசனை. எல்லாம் என் நோட்டில் இருந்த வரிசையிலேயே இருந்தது. அடியில் உங்கள் பெயர், நீங்கள் உருவாக்கியது என்று. செடிக்கு அண்ணியின் பெயர்.

அந்த அம்மாளின் ஃபிரேமைக் கோணலாகப் பொருத்திவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

அண்ணா, நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். தயவுசெய்து திட்டி எழுதுங்கள்.

பாப்பா


டிசம்பர் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் உடல்நலம் சரியில்லையோ என்று அண்ணி கவலைப்படுகிறாள். இந்த வயதில் பெண்களுக்கு மனம் இப்படி அலைபாயும் என்கிறாள். நல்ல டாக்டராகப் பார்.

நீ அனுப்பிய மூன்று கிழங்கும் நோயில் செத்துப் போயின. பட்டியலில் நீ பார்த்தது எங்கள் கண்ணாடிக் கூடத்தில், முறையான சோதனையில் பிறந்தது. சிவப்பு இலைக்காரியும் குள்ளனும் உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருந்தனவா? பீட்ரூட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

உன் செடி ஒன்று இருந்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். உன் சந்தேகமும் தீர்ந்திருக்கும். பாவம், அதற்கும் வழியில்லை.

இதை வளர்க்காதே. நமக்கு இருப்பது நாம் இருவர்தான்.

அண்ணா


ஜனவரி 11

மச்சானுக்கு,

பஸ் ஓட்டுகிறவன் எழுதுவது. என் இடுப்பு நலம். உங்கள் மனசாட்சியின் நலம் அறிய ஆவல்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "சாம்பல்" என்றாள் உங்கள் தங்கை. அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கவிழ்த்து வைத்த தொட்டிகளை அவள் வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவுகிறாள். அவை அழுக்காக இல்லை. நான் கேட்பதில்லை.

இத்தனை வருடத்தில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தலையைக் குனிவார்கள். ஜன்னல் சீட் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இவள் புருஷன்


ஜூலை 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். மாப்பிள்ளையின் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், பெரிதுபடுத்தவில்லை.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி மலர்க் கண்காட்சியில் நம் செடியை அறிமுகப்படுத்துகிறார்கள். மூன்றே கிழங்கில் தொடங்கி அறுபது ஆக்கியிருக்கிறோம். அறுபதும் மேடைக்கு வருகிறது. இரண்டு பாஸ் வைத்திருக்கிறேன். முன் வரிசை. நீ வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வா.

அண்ணா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அண்ணி கொடுத்த பிஸ்கட் பெட்டி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

'மூன்றே கிழங்கில் தொடங்கி' என்று நீங்களே எழுதியிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். எனக்கு அது முதல் தடவை படித்தபோதே கண்ணில் பட்டது.

பூ நன்றாக இருந்தது. அறுபதும் ஒரே அச்சு. மேடையில் எல்லாத் தொட்டிக்கும் அடியில் பளபளக்கிற தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். குனிந்து ஓரத்துச் செடியின் அடி இலையைப் பிடித்தேன். காவலுக்கு நின்றவர் "தொடாதீங்கம்மா" என்றார். "சரிங்க" என்றேன்.

நீங்கள் உங்கள் டைரக்டரிடம் என்னைக் காட்டி, "எந் தங்கச்சி. இவளுக்கும் செடின்னா கொஞ்சம் ஆசை" என்றீர்கள்.

அவர் என்னிடம் "அப்படியாம்மா?" என்றார்.

"ஆமாங்க. கொஞ்சம்" என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 25

பாப்பா,

அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். செடிகள் அழுகுகின்றன. கண்காட்சி முடிந்து ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. அடி இலை தானாகக் கழன்று வருகிறது, கிழங்கு கூழாகிவிட்டது. அறுபதில் ஒன்பதுதான் நிற்கிறது. நாளைக்கு எத்தனையோ. மருந்து அடித்தும் நிற்கவில்லை.

அன்றைக்கு நீ அடி இலையைப் பிடித்தாயே, அப்போதே உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? தண்ணீரை அன்றைக்கே வடித்திருந்தால் பிழைத்திருக்கும். அந்த இலை உன் கையோடு வந்துவிட்டது, நீ கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாய் என்று அண்ணி இப்போது சொல்கிறாள். அதை என்ன செய்தாய்? நட்டாயா?

நாங்கள் கிழங்கை வெட்டி வெட்டித்தான் பெருக்கினோம். இலையை நட்டால் எங்கள் மணலில் எட்டாம் நாள் அழுகிவிடுகிறது. நீ ஒரே செடியை நாற்பதுக்கு மேல் எப்படி ஆக்கினாய்? உன் நோட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன், அது மட்டும் இல்லை. மிச்சமிருக்கும் ஒன்பதின் இலையை வைத்தாவது காப்பாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கில் முன்பதிவு ஆகியிருக்கிறது. டைரக்டர் தினமும் கூப்பிடுகிறார்.

உன் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன். இந்தத் தபாலிலேயே பதில் எழுது. நீ என் ஒரே தங்கை.

அண்ணா


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கடையில் கணக்கெடுப்பு, அதனால் உட்கார நேரமில்லை.

கேட்டதற்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

தெரிந்தது. தொட்டதுமே தெரிந்தது. இலை அடியில் வழவழப்பாக இருந்தது, மோந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "தட்டுத் தண்ணிய வடிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நீங்கள் டைரக்டரை அழைத்து வந்தீர்கள். கொஞ்சம் ஆசை உள்ளவள் மேடையில் நின்று என்ன சொல்வது?

அண்ணி பார்த்ததும் சரி. இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடி இரண்டு அங்குலம்தான் கெட்டிருந்தது. மேல் பகுதி நல்ல திடமாக இருந்தது. நட்டிருந்தால் எட்டு, பத்து வந்திருக்கும். அவர் மணல் தட்டைக் கழுவி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். நான் இலையைச் சமையலறை ஜன்னலில் போட்டேன். காலையில் பால் காய்ச்சும்போது பார்ப்பேன், கடைக்குக் கிளம்பும்போது பார்ப்பேன். பதினோரு நாள் ஆயிற்று. முதலில் ஓரம் சுருண்டது, அப்புறம் நடு நரம்பு. ஐந்தாம் நாள்வரைக்கும் பிழைத்திருக்கும், எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் அவர் கேட்டார்.

"நெஜமாவே விட்டுடப் போறியா? உன் பிள்ளை மாதிரி இல்ல?"

"நட்டா பூக்கும்ங்க. பூத்தா எங்க அண்ணி பேருதான் சொல்லுவாங்க. அண்ணன் மேடையிலேர்ந்து நான் திருடினேன்னும் சொல்லுவாங்க."

அவர் மணல் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பதினொன்றாம் நாள் கூட்டிப் பெருக்கும்போது அப்பளம்போல நொறுங்கியது. அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. குப்பையைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினேன்.

இதற்குள் அந்த ஒன்பதும் போயிருக்கும். என் பெயரைச் சேர்க்க வேண்டாம். இல்லாத செடிக்கு ஒரு பெயரே போதும்.

ஒரே செடியை எப்படி நாற்பதுக்கு மேல் ஆக்கினேன் என்று கேட்டிருந்தீர்கள். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? குளிர் வருகிறது, தரையில் உட்கார விடாதீர்கள். நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பாப்பா